பார்க்கும் பறவையும் உண்ணும் பறவையும்

பழைய தல புராணங்களில் யாத்திரிகனுக்கென்று ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கும். ஒரு க்ஷேத்திரத்துக்கு வருகிறவன் எந்தத் துறையில் ஸ்நானம் செய்ய வேண்டும், எந்த விநாயகரை முதலில் வணங்க வேண்டும், எந்த விருக்ஷத்தை வலம் வர வேண்டும், இரவு தங்கினால் என்ன பலன் என்பதெல்லாம் விதியாகவே சொல்லப்பட்டிருக்கும்; அவற்றைக் குறைவறச் செய்தவன் வந்த காரியம் பூர்த்தியானதென்ற திருப்தியோடு ஊர் திரும்புவான். இக்காலத்தில் உலகத்தின் பெரிய நகரங்களில் நாகரிகத்தின் உச்சமென்று பேர் எடுத்த ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதே மாதிரி ஒரு விதிமுறை ஏற்பட்டிருக்கிறது: இன்ன காப்பிக்கடையின் வெளித்தாழ்வாரத்தில் அமர வேண்டும், இன்ன வீதியின் கடைகளைப் பார்க்க வேண்டும், இன்ன பலகாரத்தைச் சாப்பிடாமல் வரலாகாது. இரண்டு பட்டியல்களும் வெளித்தோற்றத்தில் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்று தரிசனத்தில் முடிகிறது, மற்றொன்று நுகர்ச்சியில் முடிகிறது என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேதம் உண்மையில் நிற்குமா, பார்ப்பதும் நுகர்வதும் இரு வேறு செயல்கள்தாமா என்பதே எனக்குள்ள கேள்வி. இதை ஆராய்வதற்குப் பாரிஸ் நகரத்தின் சேன் ஜெர்மேன் தெ பிரே என்ற பேட்டையைப் போலத் தகுந்த இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் மடாலயமும் தத்துவமும் கடைத்தெருவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் இடம் அது.

ஸேன் நதியின் இடது கரையில், ஆறாம் நூற்றாண்டில் சில்தபெர் என்ற பிராங்க் மன்னன் வயல்வெளிகளுக்கு நடுவே ஒரு மடத்தைக் கட்டினான். நகரம் பின்னால் வளர்ந்து வந்து அந்த மடத்தைச் சூழ்ந்துகொண்டது. இன்று நிற்கும் கோயிலின் மணிக்கோபுரம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. மபியோன், மோன்ஃபோக்கோன் போன்ற பெனடிக்ட் சபைத் துறவிகள் இங்கிருந்துகொண்டே சுவடிகளை ஆராயும் சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி மடத்தைக் கலைத்தது. கோயில் மட்டும் தப்பியது. நவீன தத்துவத்தின் பிதா என்று சொல்லப்படும் தெக்கார்த் 1650-இல் ஸ்டாக்ஹோமில் இறந்தார். அவருடைய எலும்புகள் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, இடம் மாறி மாறி அலைந்து, 1819-இல் இந்தக் கோயிலின் பக்கச் சிற்றாலயம் ஒன்றில் மேற்சொன்ன இரு துறவிகளுக்கு நடுவே அடக்கம் பெற்றன. மண்டையோடு மட்டும் அங்கே இல்லை; அது வேறொரு காட்சிசாலையில் இருக்கிறது. நினைக்கிற மனத்தையும் நிற்கிற உடலையும் இரண்டாகப் பிரித்துப் பேசியவருடைய உடலுக்கே இந்தக் கதி நேர்ந்ததை அறிந்தவர்கள், அவருடைய கல்லறைக் கல்வெட்டின் முன் சற்று அதிக நேரம் நிற்கிறார்கள்.

கோயில் வாசலைக் கடந்து எதிரே பார்த்தால் லே தூ மகோ, அதை அடுத்து ஃப்ளோர் என்று இரண்டு காப்பிக்கடைகள். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த குளிர்காலங்களில், வீடுகளில் எரிக்க நிலக்கரி அகப்படாத நிலையில், ஃப்ளோர் கடையில் ஓர் அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டை நாடியே தத்துவவாதிகளான சார்த்தரும் சீமோன் த பொவ்வாரும் காகிதக் கட்டுகளோடு காலையில் வந்து, பொழுது சாயும் வரையில் எழுதினார்கள். ஒரு தத்துவம் பிறப்பதற்குக் கணப்பு ஒரு காரணமாக இருந்ததில் இழிவொன்றுமில்லை. ஞானிகளும் குளிரும் பசியும் உள்ள சரீரத்தோடுதான் வாழ்கிறார்கள். 1943-இல் வெளிவந்த 'இருத்தலும் இன்மையும்' என்ற பெருநூலில் சார்த்தர் காட்டும் பிரசித்தமான உதாரணம் ஒரு காப்பிக்கடைப் பரிசாரகன்தான். அவனுடைய நடையில் சற்று அதிகமான விறைப்பு, குனிந்து கேட்பதில் சற்று அதிகமான பவ்யம், கையில் தட்டை ஏந்துவதில் ஒரு கயிற்றாட்டக்காரனின் துணிச்சல். அவன் பரிசாரகனாக இல்லை, பரிசாரகனாக நடித்துக்கொண்டிருக்கிறான், தன் சுதந்திரத்தைத் தானே மறந்துவிடுவதற்காக நடிக்கிறான் என்பது சார்த்தரின் முடிவு. மனிதனுக்கென்று முன்கூட்டி விதிக்கப்பட்ட சுபாவம் எதுவும் கிடையாது, அவன் தன் தேர்வுகளால் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்று 1945 அக்டோபர் 29-ஆம் தேதி அவர் ஆற்றிய பிரசங்கத்தைக் கேட்கக் கூட்டம் நெருக்கியடித்தது. அதிலிருந்து அந்தத் தத்துவமே ஒரு மோஸ்தராயிற்று. கறுப்பு உடையும் நிலவறைச் சங்கீதமும் அதன் அடையாளங்களாயின. 1947-இல் தொஃபீன் வீதியில் தபூ என்ற நிலவறை விடுதி திறக்கப்பட்டபோது, அங்கே வந்து ஆடிய இளைஞர்களையெல்லாம் பத்திரிகைகள் தத்துவவாதிகள் என்றே எழுதின.

பிறகு நடந்தது உலகறிந்தது. தத்துவவாதிகள் அமர்ந்த நாற்காலியில் அமர்வதற்காக ஜனங்கள் வந்தார்கள்; ஜனங்கள் வருகிற இடத்துக்கு விலையுயர்ந்த கடைகள் வந்தன; வாடகை ஏறிற்று; புத்தகக் கடைகள் பெயர்ந்தன. திவான் என்ற பழைய புத்தகசாலை 1996-இல் இடம் விட்டுப் போக, அங்கே தியோர் ஆடை நிலையம் வந்தது. 1949 முதல் ஃப்ளோருக்குப் பக்கத்தில் நள்ளிரவு வரை திறந்திருந்த லா ஊன் புத்தகசாலை 2012-இல் வேறு இடத்துக்குப் போய், 2015-இல் மூடப்பட்டது; அது இருந்த இடத்தை லூயி வித்தோன் பெற்றது. கோயிலின் முன்னுள்ள சதுக்கத்துக்குச் சார்த்தர், பொவ்வார் இருவர் பெயரையும் நகரசபை சூட்டியிருக்கிறது. தேர்ந்தெடுப்பதே மனிதனின் மகத்துவம் என்று போதித்தவர்களின் பெயர் தாங்கிய சதுக்கத்தைச் சுற்றி இன்று தேர்ந்தெடுப்பதற்கு எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன. இதற்காகச் சார்த்தரைக் குறை கூறுவது நியாயமாகாது. அவர் பேசிய தேர்வு வேறு, கடையில் நடக்கும் தேர்வு வேறு. ஆயினும் சுதந்திரத்தைத் தேர்வு என்ற ஒன்றிலேயே நிலைநாட்டிய தத்துவத்திடம், எதையும் தேர்ந்துகொள்ளாமல், எதையும் எடுத்துக்கொள்ளாமல், ஒரு பொருளை அது இருக்கும் வண்ணமே இருக்கவிட்டுப் பார்த்து நிற்கிறவனுடைய சுதந்திரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்த்து நிற்பதைக்கூட வியாபாரம் தன்வசப்படுத்திக்கொண்ட வரலாறு அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், செவ்ர் வீதியும் பாக் வீதியும் கூடுகிற மூலையில் இருக்கிறது. 1852-இல் அரிஸ்தீத் பூசிக்கோ என்பவர் அங்கே போன் மார்ஷே என்ற கடையில் பங்காளியாகச் சேர்ந்தார். அதுவரையில் ஒரு ஜவுளிக்கடைக்குள் காலடி வைத்தவன் வாங்காமல் வெளியேறுவது மரியாதைக் குறைவு. விலையும் பேரம் பேசித்தான் படியும். பூசிக்கோ விலையைச் சீட்டில் எழுதித் தொங்கவிட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம், தொடலாம், வாங்காமலே போகலாம் என்றார். வாங்கியது பிடிக்காவிட்டால் திருப்பியும் தரலாம். பின்னால் எஃபேலின் பொறியியல் திறமையும் சேர்ந்து எழுந்த இரும்பும் கண்ணாடியுமான மாளிகையில், மேலிருந்து விழும் வெளிச்சத்தில், பட்டும் சரிகையும் அடுக்கடுக்காகத் தொங்கின. எமில் சோலா இதையெல்லாம் நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து 1883-இல் ஒரு நாவலே எழுதினார். கண்ணுக்கு முழு உரிமை கொடுத்தால் கை தானே பின்தொடரும் என்பதைப் பூசிக்கோ கண்டுகொண்டார். இன்று உலகமெங்கும் நாம் நடமாடும் பெருங்கடைகளெல்லாம் அந்த ஒரு கண்டுபிடிப்பின் சந்ததிகள்.

இந்தப் பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், லுக்சம்பூர் பூந்தோட்டத்தின் ஓரமாக ஒகுஸ்த் கோந்த் வீதியில் சீமோன் வேய் குடும்பத்தின் வீடு இருக்கிறது. 1909-இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அந்தப் பெண் தத்துவ ஆசிரியையாகி, அந்தப் பதவியிலிருந்து விடுப்பு எடுத்துத் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்து, ஸ்பெயின் யுத்தத்துக்குப் போய், கடைசியில் ஈசுவர சிந்தனையில் தோய்ந்தவர். 1943 ஆகஸ்டில், இங்கிலாந்தில் ஆஷ்ஃபோர்ட் என்ற ஊரில், முப்பத்து நான்காம் வயதில் இறந்தார். சார்த்தரின் பெருநூல் வெளியான அதே ஆண்டு. அவர் எழுத்துகளைப் பின்னால் பதிப்பித்த ஆல்பெர் காம்யு, தமக்கு நோபெல் பரிசு கிடைத்த சமயத்தில் கூட்டத்தினின்று விலகி வந்து அந்த வீட்டில் அவருடைய அறையில் சற்றுத் தனித்திருந்தார் என்று சொல்வார்கள்.

வேய் அம்மையார் நம் பாஷைகளுக்கு அந்நியரல்லர். 1941-ஐ ஒட்டி மார்செய் நகரில் அகதியாக இருந்தபோது, ரெனே தோமால் என்ற கவிஞரிடம் சம்ஸ்கிருதம் கற்றுக்கொண்டு கீதையையும் உபநிஷதங்களையும் மூலத்திலேயே படிக்க முயன்றார். அவருடைய மரணத்துக்குப் பின் 1950-இல் வெளியான 'கடவுளுக்காகக் காத்திருத்தல்' என்ற நூலில், மனித வாழ்வின் பெருந்துக்கம் எதுவென்று கேட்டுக்கொண்டு, பார்ப்பதும் உண்பதும் இரண்டு தனித்தனிச் செயல்களாக இருப்பதே அது என்று கூறுகிறார். அழகைக் காணும்போது அதை விழுங்கிவிடத் துடிக்கிறோம். விழுங்கினால் அது அழகாக இருப்பதில்லை. பாபங்களில் பெரும்பாலானவை, பார்க்க மட்டுமே உரிய ஒன்றை உண்ணப் புகுந்த முயற்சிகளாக இருக்கலாம். ஆதியில் ஏவாள் கனியை உண்டதே அதன் தொடக்கம் என்கிறார். அதற்குச் சான்றாக அவர் எடுப்பது, ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளைப் பற்றிய முண்டகோபநிஷத்தின் உருவகம். ஒன்று பழத்தைத் தின்கிறது. மற்றொன்று தின்னாமல் பார்த்திருக்கிறது. நம் பாஷ்யகாரர்கள் ஒன்றை ஜீவன் என்றும் மற்றதை ஈசுவரன் என்றும் கொண்டு பெரும் வாதங்கள் நடத்தியிருக்கிறார்கள். வேய் அம்மையாருக்கு இரண்டும் நம் ஒரே ஆன்மாவின் இரு கூறுகள்.

இதைக் கேட்டதும் ஓர் ஆட்சேபம் எழவேண்டும். எழாவிட்டால் நாம் சரியாகக் கேட்கவில்லை. வயிறு நிரம்பியவனுக்கல்லவா பார்த்து நிற்கும் பாக்கியம்? இந்த ஆட்சேபத்தை வேறு எவரையும்விடக் கடுமையாக எழுப்பக்கூடியவர் அந்த அம்மையாரே. மாணவப் பருவத்தில் அவரைச் சந்தித்ததைப் பொவ்வார் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உலகத்தார் அனைவருக்கும் சோறு போடும் புரட்சி ஒன்றே இன்று முக்கியம் என்றாராம் வேய். மனிதரைச் சந்தோஷப்படுத்துவதல்ல, வாழ்வுக்கு அர்த்தம் காண்பதே பிரச்சினை என்றாராம் பொவ்வார். வேய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பசியென்றால் என்னவென்று நீ அறியாதவள் என்பது தெரிகிறது என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொல்ல, பேச்சு அத்துடன் முடிந்தது. இந்தச் சம்பாஷணையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உண்ணாமல் பார்ப்பதே ஆன்மாவின் மேலான நிலை என்று பிற்காலத்தில் எழுதியவரும், சோறுதான் முதற்பிரச்சினை என்று இளமையில் சொன்னவரும் ஒருவரே. இதில் முரண்பாடு இல்லை. என் உணவைப் பற்றிய ஆவல் அடங்கினால்தான் பிறன் பசி என் கண்ணில் படும்.

சமயங்கள் இந்த இடத்தை மிகுந்த நுட்பத்தோடு கையாண்டிருக்கின்றன. நம் கோயில்களில் நைவேத்தியம் என்ற முறையைப் பாருங்கள். சுடச்சுட அன்னம் மூர்த்தியின் முன் வைக்கப்படுகிறது, திரை இழுக்கப்படுகிறது, சற்றுப் பொறுத்துத் திரை விலகும்போது ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. கடவுள் பார்த்தார், அதுவே அவர் உண்டது. பார்க்கப்பட்ட அந்த அன்னம் பிறகு பலருக்குப் பங்கிடப்படுகிறது. தரிசனத்துக்கும் போஜனத்துக்கும் இடையே ஒரு முறைமை ஏற்படுகிறது: முதலில் காட்சி, பின்பு பகிர்வு, அதன் பின்பே உண்ணுதல். கத்தோலிக்கத் திருப்பலியிலும் குருவானவர் அப்பத்தை முதலில் உயர்த்தி எல்லோர் கண்ணுக்கும் காட்டுகிறார், உட்கொள்வது பிறகுதான். வேய் அம்மையார் திருச்சபையை அவ்வளவு நேசித்தும், ஞானஸ்நானம் பெறாமல் வாசற்படியிலேயே நின்றார். அதனால் நற்கருணையை உட்கொள்ளாமல், அதன் முன் நெடுநேரம் பார்த்தபடி இருப்பதையே தம் வழிபாடாகக் கொண்டார். வெளியே நிற்கும் கோடானுகோடி ஜனங்களைவிட்டுத் தாம் மட்டும் உள்ளே போக மனம் வரவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

மறுபடியும் பாக் வீதிக்கு வருவோம். போன் மார்ஷேயின் பக்கச் சுவரை ஒட்டி நடந்தால், அங்காடியின் சந்தடி ஓய்வதற்கு முன்பே, 140-ஆம் எண்ணில் ஒரு வாசல். உள்ளே புனித வின்சென்ட் தே பால் தோற்றுவித்த கன்னியர் சபையின் சிற்றாலயம். 1830-இல் காத்தரீன் லபூரே என்ற இளம் கன்னிகைக்கு இங்கே மரியன்னையின் காட்சி கிடைத்ததாகவும், ஒரு பதக்கம் வார்க்கும்படி உத்தரவானதாகவும் சபை நம்புகிறது. 1832-இல் பாரிஸில் காலரா பரவியபோது அந்தப் பதக்கங்கள் ஜனங்களிடையே வழங்கப்பட்டன. இன்று உலகமெங்கும் கத்தோலிக்கர் கழுத்தில் தொங்கும் அற்புதப் பதக்கம் அதுவே. இதே வீதியில் சில வீடுகள் தள்ளித்தான் பாரிஸ் அந்நிய வேத போதகர் சபையின் தாய்மடம். புதுச்சேரிக்கும் நம் கிராமங்களுக்கும் பல தலைமுறைகளாகப் பாதிரிமார் புறப்பட்டு வந்தது அங்கிருந்துதான். நம்மவரைப் போல உடுத்து, நம்மிடையே முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, நம் ஆசார வழக்கங்களைப் பற்றிப் பெரிய நூல் தந்த அபே துபுவா, ஊர் திரும்பிய பின் அந்த மடத்துக்குத் தலைவராக இருந்து 1848-இல் காலமானார்.

காத்தரீனுடைய காட்சி மெய்யா பொய்யா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. எனக்கு வியப்பளிப்பது, பார்த்த பிறகு அந்தப் பெண் செய்த காரியம். தம் ஞானத்தந்தையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பாரிஸின் கிழக்குப் பகுதியில் ரெய்யி என்ற இடத்திலிருந்த முதியோர் விடுதிக்குப் போனார். அங்கே சமையலறையிலும் கோழிப்பட்டியிலும் கிழவர்களின் படுக்கையருகிலும் வேலை செய்தபடி, 1876-இல் இறக்கும் வரையில் வாழ்ந்தார். பதக்கம் லட்சக்கணக்கில் பரவிற்று. காட்சி கண்டவர் யார் என்பது உடன் இருந்த கன்னியர்க்கே நெடுங்காலம் தெரியாது. அவர் தாம் கண்டதை உண்ணவில்லை. புகழாகவோ, ஆறுதலாகவோ, சொந்தச் சொத்தாகவோ ஆக்கிக்கொள்ளவில்லை. கண்டது கிழவர்களுக்குக் கஞ்சியாயிற்று. அவர் காலத்திலேயே நம் வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமசாலையில் அடுப்பேற்றி, அதன் பிறகே 1872-இல் ஜோதியைக் காண்பதற்கான சபையைத் திறந்தார் என்பதை நினைக்கும்போது, ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே உண்மையை இரு முனைகளிலிருந்து தொட்டார்கள் என்று தோன்றுகிறது. சரியான பார்வை பார்ப்பவனுடைய நுகர்ச்சியில் முடியாது. பிறனுக்கு ஊட்டுவதில் முடியும்.

இத்தகைய பார்வையைப் பழக்கிக்கொள்ள சேன் ஜெர்மேன் பேட்டையிலேயே ஓர் இடம் உண்டு. சேன் சுல்பீஸ் கோயிலில் நுழைந்ததும் வலப்பக்கத்து முதல் சிற்றாலயத்தின் சுவரில் தெலாக்ருவா வரைந்த சித்திரம், யாக்கோபு தேவதூதனோடு மல்லாடும் காட்சி. இந்த வேலைக்கு அருகில் இருக்க வேண்டுமென்றே ஓவியர் 1857-இல் ஃபுர்ஸ்தெம்பேர் வீதிக்குக் குடிவந்தார், 1861-இல் முடித்தார், 1863-இல் அந்த வீட்டிலேயே இறந்தார். மூன்று மகா விருக்ஷங்கள் மேலே எழுந்து பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கின்றன. யாக்கோபு தலையைக் குனிந்து, முரட்டுக் காளையைப் போல முட்டுகிறான். முதுகுத் தசைகள் புடைக்கின்றன. தூதனோ நிமிர்ந்து, அவசரமின்றி, அவன் தொடையைப் பற்றுகிறான். வலப்புறம் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஆடுமாடுகளும் ஒட்டகங்களும் குடும்பமும் போகின்றன. யாக்கோபு தன் உடைமைகளையெல்லாம் ஆற்றுக்கு அக்கரை அனுப்பிவிட்டுத் தனித்து நின்ற இரவில் இது நடந்ததென்று ஆதியாகமம் சொல்கிறது. முன்புறத்தில், கண்ணுக்கு மிக அருகில், அவன் கழற்றிப் போட்டவை குவிந்து கிடக்கின்றன: மேலங்கி, அம்புகள், ஒரு வைக்கோல் தொப்பி. கடைக் கண்ணாடிக்குள் வைத்தால் விலைபோகும் அழகோடு அந்தக் குவியலை ஓவியர் தீட்டியிருக்கிறார். ஆனால் மல்லாடுகிறவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சித்திரத்தை யாரும் வாங்க முடியாது, சுவரை இடித்தாலொழிய எடுத்துப் போக முடியாது. பார்க்கத்தான் முடியும்.

இவ்வளவு சொல்லியும் வேய் அம்மையாரை முற்றிலும் பின்பற்றச் சொல்ல என்னால் இயலாது. ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சின் ஜனங்களுக்குக் கிடைக்காததைத் தாமும் உண்பதில்லையென்று, க்ஷயரோகத்தில் படுத்திருந்தபோதும் அவர் உணவைக் குறைத்தார். அதுவும் சேர்ந்தே உயிரைக் கொண்டுபோயிற்று. அந்தத் தியாகத்தின் முன் தலை குனிகிறேன். ஆயினும் அவரே போற்றிப் படித்த கீதை, மிகுதியாக உண்பவனுக்கு மட்டுமல்ல, உண்ணாமலே இருப்பவனுக்கும் யோகத்தை மறுக்கிறது. உபநிஷத்தின் மரத்திலும் உண்ணும் பறவை விரட்டப்படவில்லை. அது தலை நிமிர்ந்து தோழனைப் பார்க்கும்போது அதன் துயரம் நீங்குகிறதென்றே அந்த மந்திரத்தின் தொடர்ச்சி கூறுகிறது. ஆகவே காப்பிக்கடையில் அமர்வதும், நல்ல ரொட்டியைச் சுவைப்பதும், அழகிய வீதியில் காரணமின்றி நடப்பதும் பாபமல்ல. அவற்றை மட்டுமே செய்து திரும்புவதுதான் நஷ்டம்.

ஆகையால் அந்த நகரத்துக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையிலுள்ள பட்டியலை எறிந்துவிட வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் சேன் சுல்பீஸுக்குப் போய், வலப்பக்கத்து முதல் சிற்றாலயத்தில் கால் கடுக்கும் வரை நில்லுங்கள். படம் பிடிக்க வேண்டாம், கட்டணம் எதுவும் கிடையாது. வெளியே வரும்போது வாசலில் எவரேனும் கை நீட்டினால் அவர் முகத்தைப் பார்த்து, கொடுக்க நினைத்ததைக் கொடுங்கள். ஃப்ளோர் பக்கத்தில்தான் இருக்கிறது. காப்பி அதன் பிறகு ஆகட்டும்.